வங்கியாளர் மீதான பணச்சலவை வழக்குகள்: மெய்ப்பிப்பின் மூன்று படிநிலைகள்

முன்னுரை

தமிழ் இதழியலில் ‘பணமோசடி’ என்னும் ஒரே சொல் இருவேறு குற்றங்களைக் குறிக்க ஆளப்படுகிறது. மோசடியில் ஏமாற்றப்பட்டவர் ஒருவர் உண்டு. இழப்பை அவரே முறையிடுவார். 1906இல் சென்னை அர்பத்நாட் நிறுவனம் முறிந்தபோது வைப்பாளர் பலர் சேமிப்பை இழந்தனர். அதன் முதன்மைப் பங்காளி சர் ஜார்ஜ் அர்பத்நாட் 18 மாதக் கடுங்காவல் தண்டனை பெற்றார். பணச்சலவையோ குற்றத்தால் ஈட்டிய பணத்தின் தோற்றுவாயை மறைப்பது. அப்பணம் பெருநிறுவனம் தந்த கையூட்டாயின் கொடுத்தவரும் பெற்றவரும் பயனடைகின்றனர், முறையிடுவார் இல்லை. ஆகவே இவ்வழக்குகள் சாட்சியைவிட ஆவணத்தையே பெரிதும் சார்ந்துள்ளன. அரசுத் தரப்பு இவற்றில் கடக்க வேண்டிய மூன்று படிநிலைகளை இக்கட்டுரை விளக்குகிறது.

அடிப்படைக் குற்றம்

2002ஆம் ஆண்டு இயற்றப்பெற்று 2005 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டவிரோதப் பணப்பரிமாற்றத் தடுப்புச் சட்டம், அட்டவணைக் குற்றம் ஒன்றன் மீதே நிற்கிறது. விஜய் மதன்லால் சௌத்ரி வழக்கில் (2022) உச்சநீதிமன்றம், அடிப்படைக் குற்றத்திலிருந்து ஒருவர் விடுவிக்கப்பட்டால் அவர்மீதான பணச்சலவைக் குற்றச்சாட்டும் நிலைக்காது எனத் தெளிவுபடுத்தியது. எனவே கையூட்டு முதலில் மெய்ப்பிக்கப்பட வேண்டும்.

பொது ஊழியர் என்னும் தகுதி

ஊழல் தடுப்புச் சட்டம் பொது ஊழியரை மையமாகக் கொண்டது. தனியார் வங்கித் தலைவர் பொது ஊழியரா என்னும் வினா குளோபல் டிரஸ்ட் வங்கி தொடர்பான ரமேஷ் கெல்லி வழக்கில் எழுந்தது. வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 46ஏ பிரிவைச் சுட்டி, அவர் பொது ஊழியரே என 2016இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. இத்தீர்ப்பு இல்லையேல், தனியார் வங்கி உயர் அலுவலர் மீதான பல வழக்குகள் தொடக்கத்திலேயே வலுவிழந்திருக்கும்.

அறிந்து செய்தமை

மூன்றாம் பிரிவு, அறிந்தே உதவியவரையும் குற்றவாளியாக்குகிறது. ஐயத்திற்குரிய பரிமாற்றத்தை வங்கி தெரிவிக்கத் தவறுவது 13ஆம் பிரிவின்படி அபராதத்திற்குரியது. அத்தவறு மட்டுமே பணச்சலவை ஆகாது. கவனக்குறைவுக்கும் உடந்தைக்கும் இடையிலான எல்லை இதுவே. எனினும் 24ஆம் பிரிவு மெய்ப்பிக்கும் சுமையின் ஒரு பகுதியைக் குற்றஞ்சாட்டப்பட்டவர் மீது ஏற்றுகிறது; 45ஆம் பிரிவு பிணையைக் கடினமாக்குகிறது. தீர்ப்புக்கு முன்னரே நீளும் சிறைவாசம் தண்டனையாகிவிடும் அபாயம் இங்கு உள்ளது.

நடைமுறைச் சான்றுகள்

ஐசிஐசிஐ வங்கியின் முன்னாள் தலைமைச் செயல் அலுவலர் சந்தா கோச்சார் வழக்கில், 2009இல் வீடியோகான் குழும நிறுவனத்திற்கு 300 கோடி ரூபாய்க் கடன் வழங்கப்பட்டபின், அவருடைய கணவரின் நிறுவனத்திற்கு 64 கோடி ரூபாய் சென்றது என்பது குற்றச்சாட்டு. அதை அவர் மறுத்துள்ளார். 2020 நவம்பரில் தீர்ப்பளிக்கும் ஆணையம் சொத்து முடக்கத்தை உறுதிசெய்ய மறுத்தது; 2025 ஜூலையில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அம்முடக்கத்தை ஏற்றது. இதற்கிடையே மத்தியப் புலனாய்வுத் துறை செய்த கைது சட்டப்படி அமையவில்லை என 2023 ஜனவரியில் மும்பை உயர்நீதிமன்றம் கூறியது. ஒரே ஆவணத் தொகுதி இரு அமைப்புகளிடம் இரு முடிவுகளைப் பெற்றது நோக்கத்தக்கது.

மலேசியாவின் 1எம்டிபி நிதி தொடர்பான வழக்கில், கோல்ட்மேன் சாக்ஸ் நிறுவனத்தின் முன்னாள் வங்கியாளர் ரோஜர் இங், 2022இல் நியூயார்க்கில் குற்றவாளியெனத் தீர்ப்பளிக்கப்பெற்று 2023இல் 10 ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். உடன் பணியாற்றிய டிம் லைஸ்னர் குற்றத்தை ஒப்புக்கொண்டு அரசுத் தரப்புச் சாட்சியானார். ஆவணம் பணம் சென்ற வழியைக் காட்டியது. அறிந்து செய்தமையைக் காட்ட உள்ளிருந்த ஒருவரின் சாட்சியம் துணைநின்றது.

முடிவுரை

பணம் சென்ற வழியைக் கண்டறிவதும் குற்ற மனத்தை மெய்ப்பிப்பதும் ஒன்றல்ல. முதலாவதை முடக்க ஆணையும், இரண்டாவதைத் தண்டனைத் தீர்ப்பும் வேண்டி நிற்கின்றன. இவ்வேறுபாட்டைப் ‘பணமோசடி’ என்னும் பொதுச்சொல் மறைத்துவிடுகிறது. தமிழ்ச் சட்டக் கலைச்சொல்லாக்கம் இரண்டையும் பிரித்துரைத்தால், குற்றஞ்சாட்டப்பட்டவரின் உரிமையும் பொதுப்பணத்தின் பாதுகாப்பும் ஒருசேரத் தெளிவு பெறும்.