சாவி எங்கே, வண்டி எங்கே?

புனே நகரின் மேற்குப் பகுதியில் வேதாள் குன்று உள்ளது. அதன் சரிவில் இந்திய வாகன ஆராய்ச்சிக் கழகம் அமைந்துள்ளது. 1966ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற இந்நிறுவனம், நாட்டின் சாலைகளில் ஓடவிருக்கும் வாகனங்களையும் அவற்றின் உறுப்புகளையும் சோதித்துச் சான்று வழங்குகிறது. நகரை அடுத்த பிம்ப்ரி சிஞ்ச்வாட், சாக்கன் ஆகிய இடங்களில் மகிழுந்துத் தொழிற்சாலைகள் பல உள்ளன. இவ்வாறு வாகனங்களை உருவாக்கும் புனே, அவற்றை நிறுத்த இடமின்றித் திணறுகிறது. மாட்டுவண்டியும் குதிரையும் சென்ற காலத்தில் அமைந்த பேட்டைத் தெருக்கள் மிகக் குறுகியவை. அவற்றுள் சிலவற்றில் ஒற்றைப்படை நாள்களில் ஒருபுறமும் இரட்டைப்படை நாள்களில் மறுபுறமும் வண்டிகளை நிறுத்துமாறு பி1, பி2 என்னும் பலகைகள் அறிவிக்கின்றன.

பிழைப்பு நாடி ஊர் பெயர்ந்து வந்த குடும்பம் ஒன்று, பல ஆண்டுச் சேமிப்பையும் வங்கிக் கடனையும் சேர்த்தே மகிழுந்து வாங்குகிறது. அது களவு போனால் வண்டி மட்டும் போவதில்லை. கடன் தவணை நிற்காது தொடரும். எனவே, இரவில் சாவி எங்கே இருக்கிறது, வண்டி எங்கே நிற்கிறது என்னும் இரு வினாக்களுக்கும் விடை தெரிந்திருப்பது இன்றியமையாதது.

சாவியில்லா மகிழுந்து

சாவியில்லா மகிழுந்து என்று பெயர் பெற்றிருப்பினும் அதற்கும் சாவி உண்டு. பூட்டின் துளையில் நுழைத்துத் திருக வேண்டிய தேவைதான் இல்லை. உரிமையாளர் சாவியைச் சட்டைப் பையிலோ கைப்பையிலோ வைத்துக்கொண்டு வண்டியை நெருங்கிக் கதவின் கைப்பிடியைத் தொட்டாலே போதும். அவ்வேளையில் வண்டி வலுக்குறைந்த வானொலி அலை ஒன்றை வெளியிடுகிறது. அது ஓரிரு மீட்டர் தொலைவு வரைதான் எட்டும். அருகிலுள்ள சாவி அதனை உணர்ந்து, மறைகுறியாக்கப்பட்ட விடை ஒன்றை அனுப்புகிறது. இவ்விடை ஒவ்வொரு முறையும் மாறுவது. விடை சரியாயின் கதவு திறக்கிறது. உள்ளே பொத்தானை அழுத்தினால் எந்திரம் இயங்குகிறது.

இம்முறை ஒரு நம்பிக்கையின்மேல் நிற்கிறது. சாவியின் விடை கிடைத்தால் சாவி அருகில்தான் இருக்க வேண்டும் என்று வண்டி கருதுகிறது. விடை வந்த தொலைவை அது அளப்பதில்லை. கள்வர்கள் இவ்விடத்தில்தான் நுழைகின்றனர்.

கள்வர் செய்யும் சூழ்ச்சி

பள்ளி விளையாட்டு விழாவில் நிகழும் தொடரோட்டத்தில் ஒருவர் கையிலுள்ள கட்டையை மற்றவர் பெற்று ஓடுவர். சாவியில்லா மகிழுந்தைக் களவாடுவோரும் இவ்வாறே இருவராக இயங்குவர். ஒருவர் வண்டியின் அருகில் ஒரு கருவியுடன் நிற்பார். மற்றவர் வேறொரு கருவியுடன் வீட்டு வாசலை ஒட்டி நிற்பார். வண்டியின் அலையை முதற்கருவி பெற்று இரண்டாம் கருவிக்கு அனுப்பும். அது அவ்வலையை வாசலுக்குள் செலுத்தும். கதவோரத்து ஆணியில் தொங்கும் சாவி, வண்டி அருகில் நிற்பதாக எண்ணி விடையளிக்கும். அவ்விடை அதே வழியில் வண்டியைச் சென்றடையும். கண்ணாடி உடைவதில்லை, எச்சரிக்கை மணியும் ஒலிப்பதில்லை.

சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரத் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 8 நிறுவனங்கள் உருவாக்கிய 10 வகை மகிழுந்துகளை இம்முறையில் சோதித்து, 2011ஆம் ஆண்டு முடிவுகளை வெளியிட்டனர். பத்தும் ஏமாந்தன. மறைகுறியை எவரும் உடைக்கவில்லை. தொலைவை மறைத்ததே போதுமாயிற்று.

வேறொரு முறையும் உண்டு. பழுதைக் கண்டறிவதற்காகத் திசைமாற்றிச் சக்கரத்தின் கீழ் இணைப்பு முனை ஒன்று அமைக்கப்பட்டிருக்கும். வண்டிக்குள் நுழைந்த கள்வர் அம்முனையில் கருவியைப் பொருத்திப் புதிய சாவி ஒன்றை வண்டிக்குப் பழக்கிவிடுவர்.

காக்கும் வழிகள்

உலோகத்தால் முற்றிலும் சூழப்பட்ட இடத்திற்குள் வெளியிலுள்ள மின்புலம் நுழையாது என்பதை மைக்கேல் ஃபாரடே 1836ஆம் ஆண்டு செய்து காட்டினார். சாவியைக் காக்கும் உலோக இழைப் பை இக்கொள்கையின்படி அமைந்ததே. பை நன்றாக உள்ளதா என்பதை எளிதில் அறியலாம். சாவியைப் பையிலிட்டு மூடி, வண்டியின் அருகே சென்று கதவைத் தொட்டுப் பார்க்க வேண்டும். கதவு திறந்தால் பை பயனற்றது. உள்ளிருக்கும் இழை நாளடைவில் தேய்ந்துவிடும் ஆதலால் இச்சோதனையை அவ்வப்போது செய்தல் நன்று. மாற்றுச் சாவிக்கும் பை தேவை. பை இல்லாதவர்கள், சாவியை வாசற்கதவிலிருந்தும் தெருப்பக்கச் சன்னலிலிருந்தும் இயன்றவரை தள்ளி உள்ளறையில் வைக்கலாம்.

திசைமாற்றிச் சக்கரத்தில் பூட்டும் இரும்புத் தண்டு பழைய கருவியாயினும் இன்றும் பயனுடையது. வானொலி அலையால் அதைத் திறக்க இயலாது. அறுப்பதற்கு நேரம் ஆகும், ஓசையும் எழும். கள்வர் அஞ்சுபவை இவ்விரண்டுமே.

தொழில்நுட்பமும் முன்னேறியுள்ளது. அசையாமல் வைக்கப்பட்ட சாவி சிறிது நேரத்தில் தானே உறங்கிவிடும் அமைப்பு சில வண்டிகளில் உண்டு. வேறு சில வண்டிகள், அலை சென்று திரும்பும் நேரத்தை அளந்து தொலைவைக் கணிக்கின்றன. ஒரு நொடியை நூறு கோடியாகப் பகுத்தால் கிடைக்கும் ஒரு பங்கில் அலை ஏறத்தாழ 30 செ.மீ. மட்டுமே செல்லும். கள்வர் எவ்வளவு விரைவாக அலையைக் கடத்தினும் அந்நேரத்தைக் குறைக்க இயலாது.

நிறுத்துமிடமும் காப்பீடும்

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், பொதுச்சாலையில் ஓடும் வாகனங்களுக்கு மூன்றாம் நபர் காப்பீட்டைக் கட்டாயமாக்கியுள்ளது. வண்டியால் பிறருக்கு நேரும் இழப்பையே அது ஈடு செய்யும். சொந்த வண்டி களவு போனால் அதிலிருந்து ஒரு ரூபாயும் கிடைக்காது. அதற்கு முழுமைக் காப்பீடு வேண்டும்.

வண்டி இருக்கும் ஊர் காப்பீட்டுக் கட்டணத்தை மாற்றும். 2002ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த இந்திய மோட்டார் கட்டண விதிகள், தனியார் மகிழுந்துகளுக்காக நாட்டை இரு மண்டலங்களாகப் பிரித்தன. சென்னை, மும்பை, கொல்கத்தா, புதுதில்லி, பெங்களூரு, ஐதராபாத், அகமதாபாத், புனே ஆகிய எட்டு நகரங்கள் முதல் மண்டலம். ஏனைய பகுதிகள் இரண்டாம் மண்டலம். வண்டி பதிவு செய்யப்பட்ட அலுவலகமே மண்டலத்தை முடிவு செய்தது. ஐந்து ஆண்டுகளுக்கு மேற்படாத சிறிய மகிழுந்துக்கு முதல் மண்டலத்தில் 3.127 விழுக்காடும் இரண்டாம் மண்டலத்தில் 3.039 விழுக்காடும் அடிப்படைக் கட்டணம். 5,00,000 ரூபாய் மதிப்புள்ள வண்டிக்குப் புனேவில் 15,635 ரூபாய். மதுரையில் 15,195 ரூபாய். 2007 முதல் இக்கட்டணத்தை நிறுவனங்களே வகுத்துக்கொள்கின்றன. ஆயினும் இடத்தைப் பார்த்துக் கட்டணம் குறிக்கும் வழக்கம் மறையவில்லை.

ஊர் பெயர்ந்தோர் இங்கு ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். ஒரு மாநிலத்தில் பதிந்த வண்டி வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் இருந்தால், அங்குப் புதிய பதிவெண் பெற வேண்டும் என்பது சட்டம். பதிவெண்ணும் முகவரியும் மாறினால் காப்பீட்டுப் பத்திரத்திலும் மாற்றுதல் வேண்டும்.

இரவில் வண்டி நிற்குமிடம் மூடிய கொட்டிலா, திறந்த வெளியா, தெருவோரமா என்று காப்பீட்டு விண்ணப்பங்கள் சில வினவுகின்றன. கட்டணம் குறையும் என்று கருதித் தெருவில் நிற்கும் வண்டியைக் கொட்டிலில் நிற்பதாக எழுதுதல் தவறு. காப்பீடு என்பது இருவரும் உண்மை உரைப்பதன்மேல் அமைந்த ஒப்பந்தம். இழப்பு நேர்ந்தபின் பொய் வெளிப்பட்டால், சில நூறு ரூபாய் மிச்சம் பல இலட்சம் ரூபாய் இழப்பாக முடியும்.

வண்டியைக் காக்க உரிமையாளர் தக்க முயற்சிகள் அனைத்தையும் மேற்கொள்ள வேண்டும் என்பதும் பத்திரத்தில் உள்ள நிபந்தனையே. சாவியை வண்டிக்குள் விட்டுச் செல்வது, கண்ணாடியை இறக்கி வைப்பது போன்ற செயல்கள் இழப்பீட்டுக்குத் தடையாகலாம். கவனத்திற்குச் சலுகையும் உண்டு. புனேவின் வாகன ஆராய்ச்சிக் கழகம் ஏற்பளித்த களவுத் தடுப்புக் கருவியைப் பொருத்தினால், 500 ரூபாய் என்னும் உச்ச வரம்புக்குள் 2.5 விழுக்காடு தள்ளுபடி தர 2002ஆம் ஆண்டு விதிகள் இடமளித்தன.

உச்சநீதிமன்றம் உரைத்த தீர்ப்பு

1998 ஆகஸ்ட் 1ஆம் நாள் இரவு, தில்லியின் தாஜ்மகால் ஓட்டலுக்கு ஒருவர் மாருதி ஜென் மகிழுந்தில் சென்றார். சாவியைப் பணியாளரிடம் அளித்து நிறுத்துமிடச் சீட்டைப் பெற்றார். வண்டிக்கு உரிமையாளரே பொறுப்பு என்று அச்சீட்டில் அச்சிடப்பட்டிருந்தது. அவர் திரும்பி வந்தபோது வண்டி இல்லை. மேசைமேல் இருந்த சாவியை எடுத்து வேறொருவர் ஓட்டிச் சென்றுவிட்டார்.

காப்பீட்டு நிறுவனம் உரிமையாளருக்கு 2,80,000 ரூபாய் வழங்கியது. பின்னர் அத்தொகையைக் கோரி, உரிமையாளருடன் சேர்ந்து ஓட்டல்மீது முறையிட்டது. 2019 நவம்பர் 14ஆம் நாள் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. வண்டியையும் சாவியையும் ஏற்றுக்கொண்டவர் தம் பொருளைப்போல் அதனைக் காக்கக் கடமைப்பட்டவர். கவனக்குறைவு நேர்ந்தபின் சீட்டில் அச்சிட்ட வாசகம் அவரைக் காக்காது என்பது அதன் சாரம்.

ஆகவே, சாவியைப் பெற்றுக்கொள்ளும் இடத்தில் தரப்படும் சீட்டைப் பாதுகாத்தல் வேண்டும். வண்டி ஒப்படைக்கப்பட்டதற்கு அதுவே சான்று. தெருவோரத்தில் நிறுத்தப்பட்ட வண்டியை எவரும் பொறுப்பேற்பதில்லை. அங்குக் காவல், உரிமையாளரின் கவனம் ஒன்றே.

களவு நேர்ந்தால்

முதற்பணி காவல் நிலையத்தில் முறையிடுவது. 2024 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்னும் சட்டத்தின்படி, களவு எந்த எல்லைக்குள் நடந்திருப்பினும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் அளிக்கலாம். அடுத்து, காப்பீட்டு நிறுவனத்திற்கும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திற்கும் தெரிவிக்க வேண்டும். காவல்துறையில் உடனே முறையிட்டிருந்தால், காப்பீட்டு நிறுவனத்திற்குத் தாமதமாகத் தெரிவித்ததை மட்டுமே காட்டி உண்மையான கோரிக்கையை மறுக்கலாகாது என்று 2020 சனவரியில் உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்தியது. எனினும் தாமதிக்காமல் இருப்பதே நன்று.

நிறுவனம் இரு சாவிகளையும் கேட்கும். ஒன்று காணாமற்போயிருந்தால் அதற்கு விளக்கம் அளிக்க நேரும். கிடைக்கும் தொகையும் வாங்கிய விலையாக இராது. தேய்மானம் கழித்த மதிப்பே கிட்டும். மூன்று ஆண்டு கடந்து நான்காம் ஆண்டில் உள்ள வண்டிக்கு அத்தேய்மானம் 40 விழுக்காடு. பத்திரம் முழுத் தொகையைத் திருப்பித் தராது என்பதை அறிந்தோர், சாவியைப் பையிலிடும் சிறு வேலையைச் சோம்பலின்றிச் செய்வர். வீட்டில் அதனை நினைவூட்டும் பொறுப்பைப் பிள்ளைகளே ஏற்கலாம்.

சொல்லும் பொருளும்

மகிழுந்து – கார்
மறைகுறியாக்கம் – பிறர் அறியாதவாறு செய்தியை மாற்றி அமைத்தல்
திசைமாற்றிச் சக்கரம் – ஸ்டியரிங்
கொட்டில் – வண்டி நிறுத்தும் கூரையுள்ள இடம்
தேய்மானம் – பயன்பாட்டாலும் காலத்தாலும் குறையும் மதிப்பு

விடையளிக்க

1. சாவியில்லா மகிழுந்து எந்த நம்பிக்கையின்மேல் இயங்குகிறது? அது எவ்வாறு ஏமாற்றப்படுகிறது?
2. நிறுத்துமிடச் சீட்டின் வாசகம் ஓட்டலை ஏன் காக்கவில்லை?
3. 7,00,000 ரூபாய்க்கு வாங்கிய மகிழுந்து நான்காம் ஆண்டில் களவு போயிற்று. 40 விழுக்காடு தேய்மானம் கழித்தால் மதிப்பு எவ்வளவு?
4. வீட்டில் உள்ள வாகனத்தின் காப்பீட்டுப் பத்திரத்தைப் பெரியோர் துணையுடன் பார்த்து, அது மூன்றாம் நபர் காப்பீடா, முழுமைக் காப்பீடா என்பதை எழுதுக.