தேடிய தேட்டம் யாருக்கு?

மணமுறிவு வழக்குகளில் சண்டை பெரும்பாலும் காணியில் வந்து நிற்கிறது. "உறுதி என் பெயரில், ஆகவே முழுவதும் எனக்கே" என்பார் ஒருவர். வடபுலத் தமிழருக்குரிய தேசவழமை பெயரை மட்டும் பார்ப்பதில்லை.

பெற்றோர்வழி வந்த முதுசமும் மகளுக்கு எழுதிய சீதனமும் அவரவர் தனிச்சொத்து. மணவாழ்வுக் காலத்தில் விலைகொடுத்து வாங்கியது தேடிய தேட்டம். ஆனால் தனிச்சொத்தை விற்ற பணத்தில் வாங்கியது தேட்டமாகாது என்கிறது 1947ஆம் ஆண்டுத் திருத்தம். சீதன வயலை விற்று மனைவி தன் பெயரில் உழவு இயந்திரம் வாங்கியிருந்தால் அது தேட்டக் கணக்கில் சேராது. அதே வயலை விற்காமல் விதைத்திருந்தால், மணவாழ்வுக் காலத்தில் அதிலிருந்து வந்த வருமானம் தேட்டமே! இதைப் பலர் அறியார்.

ஆகவே எந்தப் பணத்தில் வாங்கினோம் என்பதற்குச் சான்று வேண்டும். இடம்பெயர்ந்தபோது உறுதி தொலைந்திருந்தால், காணிப் பதிவுக் கந்தோரிலோ எழுதிய நொத்தாரிசிடமோ பிரதி எஞ்சியிருக்கிறதா என்று விசாரியுங்கள்.

மணமுறிவுத் தீர்ப்பின்போது, ஒருவரின் சொத்தை மற்றவருக்கோ பிள்ளைகளுக்கோ எழுதிக்கொடுக்கும்படி நீதிமன்றம் கட்டளையிடவும் முடியும். குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 615ஆம் பிரிவு அதற்கு இடமளிக்கிறது.

குடியேற்றத் திட்டங்களில் அனுமதிப்பத்திரத்துடன் கிடைத்த அரச காணிக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. அது 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருவது.