மகரும் பரிசமும்

திருமணத்தில் மணமகன் தரும் பொருள் யாருக்கு உரியது? திண்டுக்கல் மாவட்டத்துச் சித்தையன்கோட்டையில் வாழும் இசுலாமியர், மணமகன் தரும் பொருளை 'மகர்' என்பர். அது மணமகளின் தனியுடைமை. தந்தைக்கோ கணவனுக்கோ அதில் உரிமையில்லை. தமிழ்க் குடிகள் பலவற்றில் வழங்கிய பரிசமோ பெண்ணைப் பெற்றோரைச் சார்ந்தது.

ஆப்பிரிக்க மக்கள் பலரும் இவ்வாறே பெண்வீட்டார்க்கு ஆநிரை அளிப்பர். அதனைப் பெண்ணுக்குச் செய்யும் சிறப்பென்றே கருதுவர். ஆயினும், மணமுறிவு நேரின் அப்பொருளைத் திருப்பித் தருதல் வேண்டும் என்பது உகாண்டா நாட்டுக் குடிகள் சிலவற்றின் வழக்கு. பெற்றோர் அதனைச் செலவிட்டிருப்பின், கணவனால் துன்புறும் மகள் பிறந்தகம் மீள்வது எங்ஙனம்? இக்கொடுமையை ஆராய்ந்த அந்நாட்டு உச்சநீதிமன்றம், திருப்பித் தரக் கேட்டல் அரசியலமைப்புக்கு முரணென்று 2015-ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது.

மாணவர்களே! மணப்பொருள் பெண்ணுக்கு அரணாதல் வேண்டும், தளையாதல் தகாது.