மண்ணுக்குள் தங்கும் எண்ணெய்



2013-இல் சென்னை தண்டையார்பேட்டையில் நிலத்தடி எண்ணெய்க் குழாய் கசிந்து, வீட்டுக் கிணறுகளில் எரிபொருள் கலந்தது. திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி பகுதிகளில் பழைய தொழிற்சாலை நிலத்தையோ, பெட்ரோல் பங்க் இருந்த இடத்தையோ மனையாக வாங்குவோர் இதை நினைவில் கொள்ள வேண்டுகிறோம்.

பெட்ரோலிலுள்ள பென்சீன் இரத்தப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. நீரில் கலந்து வரும். ஆவியாகித் தரை வெடிப்புகள் வழியாகவும் வீட்டுக்குள் நுழையும். நீரைக் காய்ச்சினால் அந்த ஆவி சமையலறையில்தான் பரவும்.

ஆகவே கட்டுமுன் மண், நிலத்தடி நீர், மண்ணிடைக் காற்று மூன்றையும் சோதிக்க வேண்டும். கெட்ட மண்ணை அகற்றலாம். அல்லது ஆவி புகாத தளம் அமைத்து, அங்கே கிணறு தோண்டாமல் விடலாம். நஞ்சு மனிதரை அடையும் வழியை அடைத்தாலே ஆபத்து வெகுவாகக் குறையும்.

உங்கள் சபை ஆலயத்துக்கோ பள்ளிக்கோ இடம் பார்க்கையில், "முன்பு இங்கே என்ன இருந்தது?" என்று முதலில் கேளுங்கள்.