சுடாமல் எண்ணுவோம்!

கிறிஸ்துமஸ் என்றதும் குடிலும் நட்சத்திர விளக்கும் கேக்கும் நம் நினைவுக்கு வரும். அதே நாளில் பறவைகளை எண்ணும் பழக்கம் ஒன்று தொடங்கியது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் ஒரு வழக்கம் இருந்தது. கிறிஸ்துமஸ் நாளன்று ஆடவர் அணி அணியாகப் பிரிந்து துப்பாக்கியுடன் புறப்படுவர். மிகுதியான பறவைகளையும் விலங்குகளையும் கொன்று குவித்த அணியே வென்ற அணி! இதற்காக மனம் வருந்திய பறவை அறிஞர் பிராங்க் சாப்மன், பறவைகளைச் சுடுவதற்குப் பதிலாக எண்ணலாமே என்று தம் பத்திரிகையில் எழுதினார். 1900ஆம் ஆண்டு டிசம்பர் 25 அன்று 27 பேர் 25 இடங்களில் எண்ணினர். ஏறத்தாழ 90 இனங்களும் 18,500 பறவைகளும் கணக்கில் வந்தன. அக்கணக்கெடுப்பு இன்றும் ஆண்டுதோறும் நடைபெறுகிறது. டிசம்பர் 14 முதல் ஜனவரி 5க்குள் ஒரு நாளைத் தேர்ந்து, 24 கிலோமீட்டர் விட்டமுள்ள வட்டத்துக்குள் எண்ணுகின்றனர்.

எண்களைப் பார்த்தவுடன் முடிவு கட்டிவிடக் கூடாது. ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். சென்ற ஆண்டு ஒரு குழு 4 மணி நேரம் சுற்றி 100 நாரைகளைக் கண்டது. இவ்வாண்டு அதே வட்டத்தில் இரண்டு குழுக்கள் தலா 4 மணி நேரம் சுற்றி 160 கண்டன. நாரைகள் பெருகிவிட்டனவா? இல்லை! ஒரு குழு ஒரு மணி நேரத்தில் கண்டது 25லிருந்து 20 ஆகக் குறைந்துள்ளது. ஆகவேதான் எண்ணிய நேரத்தையும் குறித்துக்கொள்கின்றனர். ஓராண்டு மழை பொய்த்தாலும் எண்ணிக்கை மாறும். எனவே பல ஆண்டுக் கணக்கை ஒப்பிட்டால்தான் உண்மை புலப்படும்.

அவ்வாறு புலப்பட்ட உண்மை என்ன? இது போன்ற கணக்குகளைத் தொகுத்து 2019இல் வெளியான ஆய்வின்படி, அமெரிக்காவிலும் கனடாவிலும் 1970க்குப் பின் ஏறத்தாழ 300 கோடிப் பறவைகள் குறைந்துவிட்டன. ஆயினும் நீர்நிலைகளைக் காத்ததால் வாத்தினங்கள் பெருகியுள்ளன. மனிதர் முயன்றால் பயன் உண்டு என்பதற்கு இதுவே சான்று.

நம் நாட்டிலும் 1987 முதல் ஜனவரியில் நீர்ப்பறவைகளை எண்ணுகின்றனர். தமிழகத்தில் 2015 முதல் பொங்கல் நாள்களில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. நம்மைப் போன்ற மாணவியரும் இதில் பங்கு பெறலாம்.

சென்ற பொங்கலன்று நானும் தம்பியும் எங்கள் ஊர்க் குளக்கரையில் அரை மணி நேரம் எண்ணினோம். நாமக்கோழிகள் எட்டு, கொக்குகள் ஐந்து. தாரா ஒன்றுகூட இல்லை. முன்பெல்லாம் குளம் நிறையத் தாராக்கள் வரும் என்று ஆச்சி சொல்வார்கள். “அப்படியானால் பத்து என்று எழுதேன் அக்கா” என்றான் தம்பி. எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் இல்லாத தாராவை நான் எழுதிவிட்டால், அது வராமல் போனதை யார் அறிவார்? யார் வருந்துவார்? யார் குளத்தைக் காக்க முன்வருவார்? கண்டதை மட்டுமே எழுதினேன்.

தோழியரே, வரும் பொங்கலன்று நீங்களும் ஒரு குறிப்பேட்டுடன் குளக்கரைக்கு வாருங்கள். கண்டதை எண்ணுவோம், உள்ளதை உள்ளபடி எழுதுவோம்!

– பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி