காப்பி-பேஸ்ட் குளறுபடி: வேலையையும் படிப்பையும் தனித்தனியாகப் பிரிக்கலாமா?

குழு அசைன்மெண்ட்டுக்கான லிங்க்கை வாட்ஸ்அப்பில் அனுப்பணும். முன்பு காப்பி செய்தவற்றின் பட்டியலைத் திறந்து, அவசரத்தில் ஒன்றைத் தட்டுறீங்க. போய் விழுந்ததோ பகுதிநேர வேலையில் காப்பி செய்த வாடிக்கையாளரின் அடையாள அட்டை எண்!

அனுப்பியதை அழிக்கலாம். ஆனால் அதற்குள் எத்தனை பேர் பார்த்திருப்பாங்க?

ஏன் இப்படி ஆகிறது?

காப்பி செய்வது எதுவும் கணினியின் 'கிளிப்போர்டில்' தங்குகிறது. பழையவற்றையும் சேர்த்து வைப்பது கிளிப்போர்டு மேனேஜர்.

விண்டோஸில் உள்ள வசதி 25 நகல்கள் வரை வைத்திருக்கும். 'காப்பிக்யூ' எனும் இலவச மென்பொருள், நீங்கள் மாற்றாவிட்டால், 200 வரை வைத்திருக்கும். வேலை, படிப்பு, சொந்த விஷயம் எல்லாம் ஒரே பட்டியலில் கலந்துவிடும்.

எப்படிப் பிரிப்பது?

காப்பிக்யூவைத் தனித்தனி 'செஷன்'களாக ஓட்டலாம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் அது இயங்கும்.

- டெர்மினலைத் திறந்து மென்பொருளின் பெயரை ஆங்கிலத்தில் தட்டுங்கள்.

- ஓர் இடைவெளி விட்டு, இரண்டு சிறு கோடுகள், 'செஷன்' என்ற ஆங்கிலச் சொல், சமக்குறி, பிறகு நீங்கள் வைக்கும் பெயர். நடுவில் இடைவெளி வேண்டாம்.

- பெயர் 16 எழுத்துக்குள் இருக்கட்டும்.

வேலைக்கு ஒரு பெயர், படிப்புக்கு ஒரு பெயர் வைத்தால் போதும். ஒவ்வொன்றுக்கும் தனிப் பட்டியல், தனி அமைப்புகள். ஐகானின் நிறமும் மாறுவதால் எது எதுன்னு குழம்ப வேண்டாம்.

இதைக் கவனித்தீர்களா?

செஷன் இரண்டு இருந்தாலும் கணினியின் கிளிப்போர்டு ஒன்றுதான். இரண்டும் ஒரே நேரத்தில் ஓடினால், நீங்கள் காப்பி செய்வது இரண்டு பட்டியலிலும் பதிவாகும். அப்புறம் பிரித்ததில் என்ன பயன்?

அதனால் வேலையைத் தொடங்கும்போது படிப்புக்கான செஷனை நிறுத்திவையுங்கள். அதே கட்டளையின் முடிவில், ஓர் இடைவெளி விட்டு 'டிஸேபிள்' என்று ஆங்கிலத்தில் சேர்த்தால் அது பதிவு செய்வதை நிறுத்திவிடும். மீண்டும் தொடங்க 'எனேபிள்'.

ஒன்று மட்டும் மறக்காதீங்க. கடைசியாகக் காப்பி செய்தது எந்த செஷனில் இருந்தாலும், பேஸ்ட் அழுத்தினால் அதுதான் வரும். அனுப்பும் பொத்தானைத் தட்டும் முன் ஒருமுறை படித்துப் பாருங்கள்.