‘ஃபைன்’ என்னும் சொல்

தறிக்கும் களத்துக்கும் பொதுவான ஆங்கிலச் சொற்களுள் ஒன்று ‘ஃபைன்’ என்பது. மெல்லிய நூலையும் சன்னமான அரிசியையும் வியாபாரிகள் இப்பெயரால் அழைக்கின்றனர். தவணை தவறினால் செலுத்தும் அபராதத்துக்கும் இதுவே பெயர். நுண்ணிய அழகைக் குறிக்கும் சொல் அபராதத்துக்கு வந்தது எங்ஙனம் என அங்கத்தினர்கள் வியத்தல் கூடும்.

இச்சொல்லின் வேர் இலத்தீன் மொழியிலுள்ள ‘ஃபினிஸ்’ என்பதாகும். அதற்கு எல்லை, முடிவு என்பன பொருள். அது பழைய பிரெஞ்சு மொழியில் ‘முடிவுவரை செய்யப்பெற்றது, குறையற்றது’ எனப் பொருள் விரிந்தது. அங்கிருந்து ஆங்கிலம் புகுந்து, தூய்மை, மென்மை, அழகு ஆகியவற்றைக் குறிக்கலாயிற்று. வழக்கொன்றை முடிவுக்குக் கொணரச் செலுத்திய தொகையும் அவ்வேரினின்றே ‘ஃபைன்’ எனப்பட்டது. கடனைத் தீர்த்து முடித்தல் என்னும் பொருளில் தோன்றிய ‘ஃபைனான்ஸ்’ என்பதும் இதன் உறவே. தமிழிலும் ‘முற்றுதல்’ என்னும் ஒரே சொல் முடிவையும் முதிர்ச்சியையும் உணர்த்துவது ஈண்டு நினைக்கத்தக்கது.

இனி, தொழிலில் இச்சொல் பெறும் மதிப்பைக் காண்போம். பருத்தி நூலின் நம்பர் என்பது, ஒரு ராத்தல் எடையில் 840 கெஜ நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை அடங்கும் என்னும் கணக்கு. 100-ஆம் நம்பர் நூலில் ஒரு ராத்தலுக்கு 84,000 கெஜம் உண்டு. அத்துணை மெல்லிய இழை எளிதில் அறும். பாவுக்குக் கஞ்சி செவ்வனே ஏற்றி, அறுந்த இழைகளை உடனுக்குடன் பிணைத்து நெய்தாலன்றித் துணி நயம்பெறாது.

நெல்லின் நிலையும் இதுவே. அரசாங்கக் கொள்முதலில் சாதாரணம், ஃபைன், சூப்பர் ஃபைன் என முன்பு மூன்று ரகங்கள் இருந்தன. 1997-98 பருவம் முதல் பின்னிரண்டும் ‘ஏ’ ரகமாக இணைக்கப்பட்டன. அரிசியின் நீளம் அகலத்தைப்போல் இரண்டரை மடங்கோ அதற்கு மேலோ இருப்பின் அது ‘ஏ’ ரகம். நம் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் அதனைச் சன்னரகம் என்கின்றனர். அதற்குப் பொதுரகத்தைவிட விலை அதிகம்.

ஆயினும், விதை தருவது வடிவம் மட்டுமே. 1998-இல் வெளிவந்த ஆடுதுறை 43 குறுவைக்கேற்ற சன்னரகம். குறுவை அறுவடையோ பெரும்பாலும் மழையோடு வருவது. நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்தை மிஞ்சலாகாது என்பது கொள்முதல் விதி. முற்றாத கதிரை அறுத்தாலும், நனைந்த நெல்லைக் கடுவெயிலில் அவசரமாகக் காயவைத்தாலும், ஆலையில் அரிசி உடைந்து நொய்யாகும். அப்போது சன்னரகம் என்னும் பெயர் எஞ்சுமேயன்றி, அதற்குரிய விலை எஞ்சாது.

ஆகவே, ‘ஃபைன்’ எனச் சரக்கைத் தரம் பிரிக்கும்போது, மெல்லியதா என்பதோடு கடைசி வேலைவரை செவ்வையாக முடிந்ததா என்பதையும் அங்கத்தினர்கள் நோக்குவார்களாக. சொல்லின் மூலப்பொருள் அதுவே; நல்ல விலை தருவதும் அதுவே.